குளிர் காய்கிறவர்கள்: விறகின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'தமிழ்நாட்டில் ஏதய்யா குளிர்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது போலத்தான் தெரியும். மரக்காணம் – புதுச்சேரிக் கடற்கரையில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஐரோப்பாவில் இதைக் கோடைக்காலத்து மாலை என்பார்கள். நமது வரலாற்று எழுத்தும் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டுவிட்டது. பஞ்சத்துக்கு அதில் இடமுண்டு, வெள்ளத்துக்கு உண்டு, வறட்சிக்கு உண்டு. குளிருக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கவில்லை.

ஆனால் மார்கழியில் காலை நாலு மணிக்கு இடையஞ்சாவடித் தெருமுனையில் முந்திரிச் சருகைக் கூட்டித் தீ மூட்டிக் குந்தியிருக்கிறவர்களிடம் போய் இந்த 20 டிகிரியைச் சொல்லிப் பாருங்கள். 'நீ வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாரு' என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. வெப்பமானி காற்றை அளக்கிறது. ஈரம் இறங்கிய தரையை, மெலிந்த பாயை, காயாத துணியை, அரைவயிற்றை அது அளப்பதில்லை.

சும்மா இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. போர்வை வெப்பம் தருவதில்லை, போகிற வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஈரத்துணியும் வாடைக்காற்றும் அதை வேகமாகப் பறித்துக்கொள்ளும். ஆக, ஏழையின் முதல் அடுப்பு அவன் உடல். அந்த அடுப்புக்கு விறகு சோறு. எங்க ஆயா சொல்லும்: 'பனிக்கு பயமில்ல, ஈரத்துக்கும் பசிக்குந்தான் பயம்.' இயற்பியல் படித்தவர்கள் இதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிட முடியாது.

வடக்கே மரக்காணத்து உப்பளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கிவிடும். மழை ஓய்ந்து, நீர் வடிந்து, பாத்தியைச் சீர்செய்து மறுபடி உப்பெடுக்கத் தை, மாசி ஆகிவிடும். குளிர் வருகிற மாதங்களும் கூலி இல்லாத மாதங்களும் ஒன்றே. உப்பளத் தொழிலாளிக்குக் குளிர்காலம் என்பது வருமானம் அறுந்த காலம். குறைந்த விறகில், குறைந்த துணியில், குறைந்த சோற்றில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் கலையை இவர்கள் விரும்பிக் கற்கவில்லை. கற்கும்படி ஆனது. எப்படி ஆனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குளிரின் வரலாறு, விறகின் மீது யாருக்கு உரிமை என்ற வரலாறுதான் என்பது என் வாதம்.

2

நமது பழைய பிரதிகளை இந்தக் கேள்வியோடு திரும்ப வாசிக்கலாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் குளிர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வருகிறது. காய்வதில்தான் பிரிவினை. வெள்ளத்துக்கு அஞ்சி மாட்டை மேட்டுநிலத்துக்கு ஓட்டிப்போன கோவலர்கள் கையில் கொள்ளியை வைத்துக்கொண்டு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். ஊருக்குள் மாடங்களில் இருப்பவர்களோ சாளரங்களை அடைத்து, வாயகன்ற தடவில், அதாவது நெருப்புச் சட்டியில், தணல் போட்டுக் காய்கிறார்கள். விசிறி சும்மா தொங்குகிறது, சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. பெண்கள் கூந்தலுக்கு அகில் புகைக்கிறார்கள்.

இனி எங்கள் கடற்கரைக்கு வருவோம். சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தைச் சொல்கிறது. அது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துறங்குவது போல மணலில் கிடக்கின்றன. நுளையர் பெண் அதையே விறகாக்கித் தீ மூட்டுகிறாள். அந்த மரம் அகில் என்று உரை சொல்லும். மாடத்தில் கூந்தலுக்குப் புகையாகிற அதே அகில் இங்கே வெறும் அடுப்பு விறகு.

எம்.ஏ. வகுப்பில் இந்த இடத்தை 'நெய்தல் வளம்' என்று இரண்டு வார்த்தையில் கடந்துபோனோம். நல்லியக்கோடனின் நாட்டைப் புகழ வந்த பாட்டு, ஆகவே மிகை இருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் மிகைக்கு அடியில் ஒரு செய்தி இருக்கிறது. கடல் ஒதுக்கிய கட்டைக்குக் காவலாள் இல்லை. எடுத்தவளுக்கு அது சொந்தம். அவளிடம் இருந்தது செல்வமல்ல, பொறுக்கிக்கொள்ளும் உரிமை. அந்த உரிமை எப்போது, யாரால் போனது என்பதைக் கேட்காமல் 'வளம்' என்று மட்டும் படிப்பது நமது தமிழ்க் கல்வியின் பழக்கம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வை கொடுத்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக இன்றுவரை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பொருநராற்றுப்படையில் ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் ஒட்டுப்போட்ட கந்தல் வருகிறது. அதைக் கட்டியிருந்தவனை யாரும் பாடத்தில் வைத்து நினைப்பதில்லை. பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் மட்டும் தன் குளிரைத் தானே சொன்னார். போர்த்த ஆடையின்றி, தன் கையையும் காலையுமே மூடிக்கொள்ளும் துணியாக்கி, பெட்டியில் அடைத்த பாம்பு மாதிரி முடங்கிக் கிடந்ததைச் சொன்னார். இதை நாம் உவமை நயமாகவே ரசித்துவந்திருக்கிறோம். அது ஒரு தொழில்நுட்பம். உடலின் வெளிப்பரப்பைச் சுருக்கினால் வெப்ப இழப்பு குறையும். வேறெதுவும் கையில் இல்லாதவர்களின் கடைசித் தொழில்நுட்பம் அது.

3

விறகின் மீதான உரிமை எப்படிக் கைமாறியது என்பதைத் தெளிவாகப் பார்க்கக் கடற்கரையை விட்டு மலை ஏற வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் உறைபனி விழுகிற இடம் நீலகிரி. அங்கே இரண்டு வகை வீடுகள் எதிரெதிரே நின்றன.

ஒன்று தொதவர்களின் வீடு. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போல வளைந்த கூரை, தடித்த புல்வேய்வு, சாளரம் கிடையாது. தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல். உள்ளே ஒரு சிறு அடுப்பு, படுக்க ஒரு திண்ணை. குறைந்த இடம், குறைந்த திறப்பு. நாலு பேரின் உடற்சூடும் கொஞ்சம் சுள்ளியும் போதும், இரவைக் கடந்துவிடலாம். (புகைக்கு வழி போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) காலனிய இனவரைவியல் இந்த வீட்டை ஆதிமனிதனின் மிச்சம் என்று படம் பிடித்து வைத்தது.

மற்றது வெள்ளைக்காரன் வீடு. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். 1822இல் உதகையில் அவருடைய கல்வீடு எழத் தொடங்கியது. பிறகு பங்களாக்கள் வரிசையாக வந்தன: உயர்ந்த கூரை, அகன்ற கண்ணாடிச் சாளரம், அறைக்கு ஒரு கணப்பு. திறந்த கணப்பின் சங்கதி என்னவென்றால், எரிக்கும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். போகிற காற்றை ஈடுகட்ட, கதவிடுக்கு வழியே வெளிக்குளிர் உள்ளே வரும். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் சுடும், முதுகு சில்லிடும். வெப்பத்தைச் சேமிக்கிற வீட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள், வானத்தைச் சூடாக்குகிற வீட்டை நாகரிகம் என்றார்கள். 1870 முதல் சென்னை அரசாங்கமே வருஷத்தில் பாதியை உதகையில் கழித்தது. சமவெளியின் வெயிலுக்குத் தப்பி மேலே வந்தவர்கள், அங்கே குளிருகிறது என்று காட்டை எரித்தார்கள்.

எரிந்தது சோலைக்காடு. மலை மடிப்புகளில் நீரைப் பிடித்து வைத்திருந்த, மிக மெதுவாக வளரும் காடு. ஒரு தலைமுறைக்குள் உதகையைச் சுற்றி விறகுப் பஞ்சம் பேச்சானது.

4

பஞ்சத்துக்குக் கண்ட தீர்வைப் பாருங்கள். கணப்பைச் சிறிதாக்கலாம், வீட்டை மாற்றலாம் என்று அந்த நிர்வாகம் யோசிக்கவில்லை. மரத்தை இறக்குமதி செய்தது. 1830களில் ஆஸ்திரேலியாவின் சீகை வகை மரங்கள் (வாட்டில்) நீலகிரிக்கு வந்தன. 1843இல் கேப்டன் காட்டன் தைலமரத்தைக் கொண்டுவந்தார். 1863இல் உதகை ஆரம்பியில் தைலமரத் தோட்டமே போடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே வெட்டி எரிக்கலாம். இன்று மலையேறும் சுற்றுலாப் பயணி 'என்ன வாசனை!' என்று மூச்சை இழுக்கிற நீலகிரி, ஒரு ஆளும் கூட்டத்தின் கணப்புக்காகப் போட்ட விறகுத் தோட்டத்தின் மிச்சம்.

சமவெளியில் இதே கதை வேறு மரத்தோடு நடந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியது. அந்த எஞ்சின்கள் விறகு தின்றன. சென்னை நகரத்து அடுப்புகளும் பெருகின. 1860களில் சோழமண்டலக் கடற்கரை மணலில் சவுக்கு நட ஆரம்பித்தார்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை சாலையோரம் நாம் பார்க்கிற சவுக்குத் தோப்புகளின் வம்சவரலாறு அதுதான். மூன்றாவது, வேலிக்காத்தான். காமராசர் காலத்தில் விதை தூவினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கும் முன்னால், 1870களிலேயே, சென்னை மாகாண வனத்துறை ஜமைக்காவிலிருந்து விதை தருவித்தது. அதற்கும் சொன்ன காரணம் வறண்ட நிலத்துக்கு விறகு.

மூன்று மரம், மூன்று அடுப்பு. தைலமரம் துரைமார் கணப்புக்கு. சவுக்கு ரயிலுக்கும் நகரத்துக்கும். முள் மட்டும் ஏழைக்கு. சவுக்குத் தோப்பில் கட்டை வியாபாரிக்குப் போகும், மிலாறு கூலிக்காரிக்கு வரும், அதுவும் தோப்புக்காரர் மனசு வைத்தால்.

இவ்வளவும் நடக்கும்போது சட்டம் சும்மா இல்லை. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. எந்தக் காடு ஒதுக்குக்காடு, யார் எதை எடுக்கலாம், எடுத்தால் என்ன தண்டனை என்பதெல்லாம் அரசின் ஏட்டில் ஏறின. சுள்ளி பொறுக்குவது பழக்கமாக இருந்தது, குற்றமாக மாறியது. இது இங்கே மட்டும் நடந்ததல்ல. ரைன்லாந்தில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் திருட்டாக்கும் சட்டத்தைப் பற்றி 1842இல் இளம் மார்க்ஸ் பத்திரிகையில் எழுதினார். பொருளாதார நலன்களின் பக்கம் தன்னை முதலில் திருப்பியவற்றில் அந்த விவகாரமும் ஒன்று என்று 1859இல் நினைவுகூர்ந்தார். மார்க்சை இங்கே பலர் ஆலைக் கதவிலிருந்து படிக்கத் தொடங்குகிறோம். அவர் தொடங்கிய இடங்களில் ஒன்று, குளிர்கால அடுப்புக்காகச் சுள்ளி பொறுக்கியவர்களின் வழக்கு.

5

மலைக்குப் போன தமிழர்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கணப்பின் முன்னால் உட்காரப் போனவர்கள் அல்லர். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், பின்னர் வால்பாறைக்கும் கங்காணி பின்னால் போனவர்கள். வெயில் காய்ந்த சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் பனிக்காட்டுக்குள் போய் இறங்கிய உடல்கள். அவர்களுக்குக் கிடைத்தது லயன் அறை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. ஒரு குடும்பம் முழுக்க அதற்குள். உறங்க, பிரசவிக்க, நோயில் கிடக்க எல்லாம் அங்கேதான்.

இங்கே நம் கேள்விக்கு முக்கியமானது கம்பளி. தோட்டம் கம்பளி கொடுத்தது. ஆனால் கணக்கில் எழுதிக் கொடுத்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கடன் ஏறும், கூலியில் கழியும், கழிந்து தீராது. தொழிலாளி கம்பளியைப் போர்த்திக்கொண்டபோது கடனையும் சேர்த்தே போர்த்திக்கொண்டான். மழையில் கொழுந்து கிள்ளும்போது அதே கம்பளி, இரவில் ஈரத்தோடு போர்வையாக அதே கம்பளி. வால்பாறை வாழ்க்கையை எழுதிய பி.எச். டேனியலின் நாவல் தமிழில் வந்தபோது அதற்கு வைத்த பெயர் 'எரியும் பனிக்காடு'. மொழிபெயர்ப்பாளர் அழகுக்காக மட்டும் வைத்த முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. பனியும் எரிக்கும், போர்வை கடனாக இருந்தால்.

6

நெருப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் போக முடியாது. 'குளிர் காய்தல்' என்ற சொல்லுக்கு நம் பேச்சில் இரண்டாவது அர்த்தம் ஒன்று உண்டு. அடுத்தவன் வீடு எரியும்போது அதில் காய்வது. 1968 டிசம்பர் 25, மார்கழி இரவு. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணி தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூரை வீடு குளிருக்கு இதம் என்று எழுதுகிற எவரும் இந்த இரவை மறக்கக் கூடாது. கூரை யாருக்கு இதம், யாருக்குப் பயம் என்பதைத் தெருவின் பெயர் தீர்மானித்திருக்கிறது.

போகியையும் பாருங்கள். மார்கழிக் கடைசி விடியலில் பழைய பாய், பழந்துணி எரித்து ஊரே காய்கிறது. நல்ல பண்டிகைதான். ஆனா பழம்பாயை எரிக்க வேண்டுமானால் புதுப்பாய் வீட்டில் இருக்க வேண்டும். எங்க வீட்டில் சில வருஷம் போகிக்கு எரிக்க ஒன்றும் இருக்காது. எரிக்கத் தகுந்த பழசு எல்லாம் படுக்கையில் கிடக்கும். ஆயா கோணிப்பை இரண்டைப் பிரித்துத் தைத்து, நடுவில் கிழிந்த சேலைகளை அடுக்கி வைத்திருக்கும். பிள்ளைகளை நடுவில் போட்டு, பெரியவர்கள் இரண்டு ஓரமும் படுப்பார்கள். அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைக்கும். சாம்பல் காற்றை அடைப்பதால் கரி மெதுவாக, விடியும் வரை கனன்றுகொண்டிருக்கும். காலையில் ஒரு கைப்பிடிச் சருகு போதும், தீக்குச்சிகூட மிச்சம்.

7

இப்போது என்ன நிலைமை? 2007இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு, 2016இல் ஒன்றிய அரசின் உஜ்வலா. பெண்களின் நுரையீரலைப் புகையிலிருந்து காப்பாற்ற இவை வேண்டியவை, இதில் இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் விறகடுப்பு சமையலை மட்டும் செய்யவில்லை. வெந்நீர் போட்டது, ஈரத்துணியைக் காயவைத்தது, கூரையின் ஈரத்தையும் பூச்சியையும் விரட்டியது, பக்கத்தில் படுத்த கிழவியின் முட்டியைச் சூடாக்கியது. எரிவாயு இந்த வேலைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அனாதையாக்கிவிட்டது. சிலிண்டர் விலையைப் பார்த்து யாரும் குளிர் காய அடுப்பைத் திறந்து வைக்க முடியாது. ஆகவே வெளியே தெருவில் சருகு, அது கிடைக்காத இடத்தில் பழைய டயர். டயர்ப் புகையில் குளிர் காய்வதுதான் நம் காலத்துப் புதிய தடவு.

வீடும் மாறிவிட்டது. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கத் தொடங்கியது. 2024இல் கலைஞர் கனவு இல்லம், 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். ஊரில் இதை 'மெத்தை வீடு' என்போம். அந்தச் சொல்லில் இருக்கும் கௌரவத்தைப் பட்டணத்துக்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். அதே சமயம் சிமெண்ட் தரை பாய்க்குக் கீழிருந்து உடற்சூட்டை உறிஞ்சும் என்பதும், தகரக் கூரை தெளிந்த வானத்தின் கீழ் சீக்கிரம் குளிர்ந்து உள்பக்கம் நீர் கோர்த்துச் சொட்டும் என்பதும் உண்மை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதற்குப் பிறகு வந்த மார்கழியில் இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் சுவர் காயவில்லை, பாய் காயவில்லை, விறகு காயவில்லை.

இந்த இடத்தில் இடையஞ்சாவடிக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. ஊரை ஒட்டி ஆரோவில். 1968 பிப்ரவரியில் தொடங்கியபோது மண் அரித்து மரமற்றுப்போன செம்மண் மேடு. அதைக் காடாக்கினார்கள். அங்கும் முதலில் கைகொடுத்த மரங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா. இம்முறை விறகுக்காக அல்ல, மண்ணைப் பிடிக்க. அழுத்திய மண்கல்லால் வீடு கட்டுவதைக் கற்றுத்தரும் நிறுவனமும் அங்கே இருக்கிறது. உலகத்தின் பல நாடுகளிலிருந்து வந்து படிக்கிறார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மண்வீட்டிலும் கூரையிலும் பிறந்தவன் கான்கிரீட்டுக்கு ஏங்குகிறான், கான்கிரீட்டில் பிறந்தவன் மண்வீட்டுக்கு வருகிறான். இவனுக்கு அது தேர்வு, அவனுக்கு அது விதி. மண்வீட்டின் இதத்தை 'பாரம்பரிய அறிவு' என்று பாராட்டும் சொல்லாடல் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. ஆயாவின் சாம்பல் மூடிய தணல் அறிவுதான், சந்தேகமில்லை. ஆனால் அது மிலாறுகூடக் கிடைக்காத ஒருத்தியின் அறிவு. அறிவை எடுத்துக்கொண்டு அந்தக் கிடைக்காமையை மறப்பது இன்னொரு வகைப் பொறுக்கல்.

எனவே 'குறைந்த விறகில் குளிரைச் சமாளிப்பது எப்படி' என்று யாராவது சிக்கனம் போதித்தால், அதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்போம். சிக்கனம் கணப்புக்காரனுக்குத் தேவைப்பட்டது, அவன் மரம் நட்டுத் தப்பித்தான். சுள்ளிக்காரியிடம் சிக்கனம் ஏற்கனவே இருக்கிறது. அவளுக்குக் காய்ந்த தரையும், சொட்டாத கூரையும், சொந்தமான போர்வையும், வேலையில்லா மாதங்களில் சோறும் வேண்டும். இவை கேட்கத் தகுந்த, கணக்குப் போடத் தகுந்த கோரிக்கைகள். 1983 முதல் பொங்கலுக்கு வேட்டி, சேலை தருகிற திட்டம் இருக்கிறது. அது வருவது பனி விழும் மாதத்தில். அந்தப் பையில் ஒரு கைத்தறிப் போர்வை ஏன் இல்லை? வீடு கட்டும் திட்டத்தின் வரைபடத்தில் மார்கழி ஏன் இல்லை? சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவை ஏறட்டும். எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அவரவர் ஊரில் எழுபது வயது தாண்டிய பெண்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்: விறகு எங்கேயிருந்து வந்தது, யார் தடுத்தார்கள், எந்த வருஷத்திலிருந்து?

எங்கள் தெருமுனைத் தீயில் போன மார்கழியில் நான் அதைத்தான் கேட்டேன். ஒரு பெரியம்மா சருகைத் தள்ளிவிட்டுச் சொன்னது: 'முன்னெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க. அப்புறம் எல்லாத்துக்கும் வேலி போட்டுட்டாங்க.' வேலிக்காத்தான் வேலிதான். அதை வெட்டித்தான் அன்றைக்குத் தீ மூட்டியிருந்தார்கள்.